பஞ்சுக்கிடங்குச் சந்து எழும்பி நின்ற வருஷம்

கோயமுத்தூரில், சங்கு ஊதுவதை எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு மில்லுக்குப் பின்னால், பஞ்சுக்கிடங்குச் சந்து என்று ஒன்று இருந்தது. அது ஒரு ஆடி மாதத்துக் காலையில், பால்காரர் வந்துபோன பிறகு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால், தரையை விட்டு எழும்பியது. முதலில் தெரிந்துகொண்டவள் தெய்வாத்தா அக்கா. அரிசி கழுவிய தண்ணீரை வாசல் சாக்கடையில் வீசிவிட்டுத் திரும்பியவளுக்கு, தண்ணீர் போய் விழுகிற சத்தம் வரக் கொஞ்சம் நேரமானது. குனிந்து பார்த்தாள். சாக்கடை இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, அதன் வழக்கமான கறுப்போடு, யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அங்கண்ணண்ணா," என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "நம்ம சந்து மேல போயிருச்சாட்ட இருக்குது. உங்க ஸ்கூட்டரு கீழ நிக்குது பாருங்க."

அங்கண்ணன் மில்லில் பஞ்சுப் பொதி எடை போட்டு ஓய்வு பெற்றவர்; யாரும் தேர்ந்தெடுக்காமலே சந்துக்குத் தலைவரானவர். பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"பூட்டித்தான் வெச்சிருக்கறேன். ஒண்ணும் ஆகாது," என்றார்.

அதே நேரத்தில், சந்தின் கடைசியில் இருந்த தகரக் கொட்டகையில், வசுமதி ஒரு எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லிவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அந்த எஞ்சின் அவள் கணக்குப் போட்டு, அவள் வரைந்து, அவளே கடைசல் பிடித்துச் செய்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறு விமானம் ஒன்றை, அவளோடு பாலிடெக்னிக்கில் படித்த செல்வின், ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் கட்டிக்கொண்டிருந்தான். அதற்கான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இது. ஒரு ஆள் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் கனம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இலேசானவை, ஆனால் நடு வானத்தில் திடீரென்று மூச்சை நிறுத்திவிடுகிறவை என்பது எல்லோருக்கும் தெரிந்த பயம். அதனால் அவள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக் வைத்தாள். ஒன்று கரி பிடித்து அணைந்தால் இன்னொன்று எரியும், எஞ்சின் நிற்காது. நின்றுவிடக் கூடாது, நின்றுவிடக் கூடாது என்று நினைத்து நினைத்து அவள் செய்த எஞ்சின் அது.

அதை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அதன் முனையில் சுற்றுகிற மர இறக்கையை முன்பக்கமாக வைத்தால் தெய்வாத்தா அக்காவின் துணிக்கொடி பறக்கும். பின்பக்கமாக வைத்தால் அங்கண்ணனின் மருமகள் பிரேமலதாவின் அடுப்பு அணையும். ஆகவே பக்கத்தில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று, கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டு, இறக்கை வானத்தைப் பார்க்கும்படி எஞ்சினை நிமிர்த்தி வைத்தாள். அது ஆடாமல் இருக்க ஆழமான பிடிமானம் வேண்டும். மில்காரர்கள் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் அவை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர், எல்லா வீட்டுக்கும் ஒரே அஸ்திவாரம். அந்த அஸ்திவாரத்தில் அவள் போல்ட்டுகளை இறக்கினாள். லைன் வீட்டில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எது தன்னுடையது, எது அடுத்த வீட்டினுடையது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எஞ்சினுக்கும் தெரியவில்லை. தன்னோடு கட்டியிருந்ததையெல்லாம் அது தூக்கிக்கொண்டது.

இத்தனை சிறிய எஞ்சின் இத்தனை வீடுகளை எப்படித் தூக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எழும்பின பிறகு கேட்பதில் என்ன இருக்கிறது.

இறக்கிவிடலாம் என்றுதான் வசுமதியும் லிவரை மெதுவாகக் குறைத்தாள். ஆனால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பாதிச் சம்மதம் என்று ஒன்று கிடையாது. அதன் வயிறு பெருத்து வால் சிறுத்த புகைக்குழாயை அவள் அப்படித்தான் வடிவமைத்திருந்தாள்: வெளியே போகிற புகையின் சத்தம் குழாயின் கடைசிச் சரிவில் முட்டித் திரும்பி, தப்பிப்போகப் பார்க்கிற பெட்ரோல் காற்றை மறுபடியும் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேலேதான் அந்த வித்தை நடக்கும். அதற்குக் கீழே வந்தால் எஞ்சின் விக்கும். அது விக்கியது. சந்து குலுங்கியது. அங்கண்ணன் வீட்டுச் சுவரில் தலையிலிருந்து கால்வரை ஒரு விரிசல் ஓடியது; நிறைமாதமாக இருந்த பிரேமலதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வசுமதி லிவரைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். சந்து அமைதியானது.

அன்றிலிருந்து அவள் கை அங்கேயே இருந்தது.

சந்து பழகிக்கொண்டது. வெல்டிங் கடையில் சொல்லி ஒரு இரும்பு ஏணி வந்தது. வயதானவர்களுக்காகக் கைப்பிடி வைத்த இன்னொரு ஏணி வந்தது. குழாய்த் தண்ணீருக்கு நீள ரப்பர் குழாய் மாட்டினார்கள், கரண்டுக் கம்பியை இழுத்து நீட்டினார்கள். வரி போட வந்த ஒருவர், இது தரைத்தளமா முதல் மாடியா என்று தீர்மானிக்க முடியாமல், டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். கொசு அந்த உயரத்துக்கு வரவில்லை. ஐப்பசி மழையில் வழக்கமாக வீட்டுக்குள் வந்து கட்டிலடியில் படுத்துக்கொள்ளும் தண்ணீர், அந்த வருஷம் கீழேயே வந்து கீழேயே போயிற்று. சந்தின் அடியில் நிழல் விழுந்தது. நிழலில் வண்டிகள் நின்றன, வண்டிக்காரர்களுக்காக ஒரு டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பஜ்ஜிக்கடை வந்தது.

சத்தத்துக்கும் பழகினார்கள். முதலில் தலைவலி வந்தது, பிறகு தலைவலி போய்ச் சத்தமும் போயிற்று. அதாவது கேட்காமல் போயிற்று. எல்லோரும் கத்திப் பேசினார்கள், கத்துகிறோம் என்று தெரியாமலே பேசினார்கள். பிரேமலதாவுக்குப் பிறந்த ஆண் குழந்தை அந்தச் சத்தத்திலேயே பிறந்து, அந்தச் சத்தத்திலேயே உறங்கியது. அதற்குத் தாலாட்டு என்று ஒன்று தேவைப்படவே இல்லை. சந்துக்காரர்களின் துணியிலெல்லாம் ஆயில் புகை வாசம் ஏறியது. டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "பஞ்சுக்கிடங்குங்களா, முன்னாடி போய் நில்லுங்க," என்று மரியாதையாகச் சொன்னார்.

பெட்ரோலில் ஆயில் கலந்து கொண்டுவரும் முறை வீட்டுக்கு ஒரு நாள் என்று ஆனது. ஆனால் லிவர் மட்டும் வேறு கைக்கு மாறவில்லை. அங்கண்ணனின் மகன் ஒரு தடவை பிடித்துப் பார்த்தான். சந்து மேற்காகச் சாய்ந்து, ஒரு வீட்டில் படிக்கிற பிள்ளையின் பென்சில் எல்லா வீட்டு வாசலையும் தாண்டி உருண்டு போய்க் கீழே விழுந்தது. அவன் உடனே லிவரைத் திருப்பிக் கொடுத்தான். எஞ்சினின் நடுக்கம் லிவரை எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருக்கும், அதைச் சத்தத்தைக் கேட்டே சரிசெய்ய வேண்டும், அந்தச் சத்தம் வசுமதியின் காதுக்கு மட்டும்தான் சொந்தச் சத்தம். அவள் உட்கார்ந்தபடி தூங்கினாள், கை மட்டும் தூங்காமல் இருக்கப் பழகிக்கொண்டது. தகரம் மறைத்துக் கட்டி அதற்குள்ளேயே குளித்தாள். தெய்வாத்தா அக்கா தண்ணீர் மொண்டு ஊற்றினாள், தலை தேய்த்துவிட்டாள், சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள்.

சாப்பாடு வேளைக்கு வேளை வந்தது. எந்த வீட்டில் கறி எடுத்தாலும் முதல் கிண்ணம் கொட்டகைக்கு வந்தது. டிவி வந்தது, மெத்தை தைத்த நாற்காலி வந்தது. தெரிந்த தரகர் ஒருவர் ஏணியேறி வந்து, "மாப்பிள்ளைக்கு வெளியூரு சோலியெல்லாம் கெடையாதுங்க, கொட்டகைக்குள்ளயே இருந்துக்கறேன்னு சொல்றாருங்க," என்று ஒரு போட்டோவைக் காட்டினார். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்த சந்து அது. அவர்களிடம் முகம் சுளிக்க அவளுக்குத் தெரியவில்லை. போட்டோவை வாங்கி, ஒற்றைக் கையால் டிவி மேலே வைத்தாள்.

செல்வின் வந்தான். இறக்கை வேகமாகச் சுற்றுகிற இடத்திலிருந்து தள்ளி நின்று, எஞ்சினை வெகுநேரம் பார்த்தான்.

"நல்லா ஓடுது," என்று கத்தினான்.

"ஓடத்தானே செஞ்சேன்."

"தோப்புல ஃப்ளைட் ரெடியா நிக்குது வசு. எஞ்சின் மட்டும்தான் இல்ல."

"ரெண்டாவது சீட்டு?"

"உனக்குத்தான். முதல் தடவை நீதான் ஏறணும்னு சொன்னவன் நான்தானே."

அவள் சிரித்தாள். பிறகு மெதுவாக, அதாவது சந்துக்காரர்களின் மெதுவில், கத்திச் சொன்னாள்: "அடியில தூண் கட்டிட்டாங்கன்னா நிறுத்தீரலாம். நான் கேட்டிருக்கேன். கட்டறேன்னு சொல்லியிருக்காங்க."

கேட்டுத்தான் இருந்தாள். அங்கண்ணனும் சரியென்றுதான் சொன்னார். கார்த்திகையில் கொத்தனார் வந்தார், மழை வந்தது, போய்விட்டார். மார்கழியில் வீட்டு வேலை எதுவும் தொடங்கக்கூடாது என்றார்கள். தையில் ஒரு தூண் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அடுத்த தூண் வரவேண்டிய இடத்தில் டீக்கடையின் பாய்லர் இருந்தது. மாசியில், தூண் வந்தால் வண்டிகளைத் திருப்ப முடியாதே என்று அங்கண்ணன் யோசித்தார். முழங்கால் உயரத் தூணில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார்ந்தார்கள். அது வழவழப்பாகிவிட்டது.

பங்குனியில் ஒரு நாள், தலைக்குச் சீயக்காய் போட்டுக்கொண்டிருந்த தெய்வாத்தா அக்காவிடம் வசுமதி கேட்டாள்.

"ஏனக்கா, தூண் கட்டவே மாட்டாங்களா?"

அக்காவின் விரல்கள் முடிக்குள் நின்றன. பிறகு மறுபடி தேய்த்தன.

"தூணு வெச்சா நீ போயிருவே கண்ணு."

"போயிட்டு வந்துருவேனக்கா."

"எம்புள்ளையும் அப்படித்தான் சொல்லீட்டுப் போனா, திருப்பூருக்கு. உங்கூடப் படிச்சதுக, உங்கூட வெளையாண்டதுக, எல்லாம் அதையேதான் சொல்லீட்டுப் போச்சுக. நீ ஒருத்திதான் இருக்கறே. கண்ணை மூடிக்க, சீயக்கா பட்டுரும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குழாயின் சரிவில் முட்டித் திரும்புகிற சத்தம் அவளுக்கு அப்போது தனியாகக் கேட்டது. வெளியே போகப் பார்த்த ஒன்றை, நோகாமல், தாமதிக்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

சித்திரையில் வேறொரு சத்தம் வந்தது. நிதானமான, இடைவெளி விட்டு மூச்சு விடுகிற, வேறு யாரோ செய்த எஞ்சினின் சத்தம். கூரை இல்லாத கொட்டகையிலிருந்து வசுமதி அண்ணாந்து பார்த்தாள். செல்வினின் விமானம் வந்தது. வெளியூரிலிருந்து வேறு எஞ்சின் வாங்கிப் பூட்டிவிட்டான். அவனும் எத்தனை நாள்தான் காத்திருப்பான். கொட்டகைக்கு மேலே சாய்ந்து வட்டமடித்தபோது இரண்டு இருக்கையும் தெரிந்தன. அவளுடைய இருக்கையில், எடை சரியாக இருக்க, ஒரு மணல் மூட்டையை வார் போட்டுக் கட்டியிருந்தான்.

அன்று சாயங்காலம் அவள் அங்கண்ணனையும் மற்றவர்களையும் கொட்டகைக்கு வரச்சொன்னாள்.

"நாளைக்குக் காலையில, சாப்பாடெல்லாம் ஆனதுக்கப்புறம், எஞ்சினை நிறுத்தப் போறேனுங்க மாமா. பண்டம் பாத்திரமெல்லாம் எடுத்துக்கிட்டு எல்லாரும் கீழ எறங்கிக்குங்க. சுவரு விழுந்தாலும் ஆளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. நானே திருப்பிக் கட்டித் தாரேன்."

யாரும் கோபப்படவில்லை. "அதுக்கென்ன அம்மிணி, காலையில பாத்துக்கலாம்," என்றார் அங்கண்ணன். ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள்.

காலையில் யாரும் இறங்கவில்லை. மாறாக எல்லோரும் வந்தார்கள். தூக்குப் போசியில் உப்புமாவோடு வந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத பிள்ளைகளோடு வந்தார்கள், நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கொட்டகையிலும் வாசலிலும் சிமெண்ட் நடையிலும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பிரேமலதா கைக்குழந்தையைக் கொண்டுவந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். அது உடனே தூங்கிவிட்டது.

"நிறுத்து கண்ணு," என்றார் அங்கண்ணன், அன்பாகத்தான் சொன்னார். "நாங்க இங்கதான் இருக்கறோம். நீ எங்களைக் கீழ போட மாட்டே. எங்களுக்குத் தெரியும்."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகமும் அவளுக்குச் சோறு ஊட்டிய முகம். குறைக்கக் கை வரவில்லை. வராது என்று தெரிந்துதானே வந்திருக்கிறார்கள். லிவரை ஒரு பக்கம் நகர்த்த முடியாது. ஆனால் லிவருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அந்தப் பக்கம் அவள் இதுவரை போனதே இல்லை.

வசுமதி லிவரை முழுக்கத் திறந்தாள்.

எஞ்சின் அதுவரை பேசாத குரலில் பேசியது. சந்து எழும்பியது, நோகாமல், குலுங்காமல், தன் பலத்தைத் தானே அப்போதுதான் தெரிந்துகொண்டதுபோல எழும்பியது. இரும்பு ஏணி இரண்டும் கழன்று டீக்கடைத் தார்ப்பாய் மேல் விழுந்தன. தண்ணீர்க் குழாய் பிய்ந்து, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே ஆடியது. கரண்டுக் கம்பி அறுந்தது, டிவி அணைந்தது. மில்லின் புகைக்கூண்டில் பாதி உயரத்துக்கு வந்த பிறகு எஞ்சின் போதுமென்றது. பருந்து ஒன்று தெய்வாத்தா அக்காவின் துணிக்கொடியை ஒட்டிப் போயிற்று.

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"அம்மிணி," என்றார் அங்கண்ணன். "எறக்கு."

"பழைய உயரத்துக்குத்தானுங்க மாமா எறக்க முடியும். அங்க தூண் இருந்தா எறக்கறேன்."

"எம்பட மருந்து கீழ மெடிக்கல்ல இருக்குது கண்ணு."

"எனக்கு எல்லாமே கீழதானுங்க இருக்குது."

அவர் திரும்பிப் போய், சந்தின் விளிம்பில் குந்திக்கொண்டு கீழே பார்த்தார்.

கயிற்றில் வாளி கட்டி இறக்கினார்கள். வாளியில் தண்ணீர் வந்தது, மருந்து வந்தது, ஆயில் கலந்த பெட்ரோல் வந்தது. ஸ்கூலுக்குப் போகமுடியாத பிள்ளைகள் முதல் நாள் சந்தோஷத்தில் குதித்தார்கள், இரண்டாம் நாள் சிணுங்கினார்கள். வேலைக்குப் போகமுடியாத ஆண்கள் வீட்டுக்கும் விளிம்புக்குமாக நடந்தார்கள். நடக்க இடம் கொஞ்சம்தான். அதற்குள் திரும்பத் திரும்ப நடந்தார்கள். பிறகு உட்கார்ந்துவிட்டார்கள். கீழே அவர்களுடைய ஸ்கூட்டர்கள், பஸ் ஸ்டாப், மளிகைக்கடை, சம்பந்தி வீடு, எல்லாம் ஒன்றும் ஆகாமல் தெரிந்தன, தெரிந்தன, அவ்வளவுதான்.

மூன்றாம் நாளோ என்னவோ, அங்கண்ணன் கொட்டகைக்கு வந்து வசுமதிக்குப் பக்கத்தில் நின்றார்.

"இத்தன நாளா இப்பிடித்தான் இருந்துச்சா உனக்கு?"

"எனக்குச் சாப்பாடு நேரத்துக்கு வந்துச்சுங்க மாமா," என்றாள். கேலியா கும்பிடா என்று அவருக்குப் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை.

அவர் விளிம்புக்குப் போய், மில்லில் பொதி இறக்குகிறவர்களை விரட்டிய குரலை வெளியே எடுத்தார். கொத்தனார் எங்கேயென்று கேட்டார், செங்கல் லோடு எங்கேயென்று கேட்டார், ஒவ்வொரு வீட்டுச் சம்பந்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சித்தாள் வேலைக்கு வரச்சொன்னார். டீக்கடைக்காரர் பாய்லரைத் தானே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். அது அத்தனை சுலபமாகத் தூக்கக்கூடிய பாய்லராக இருந்தது. மாதக்கணக்கில் வராத தூண்கள் மளமளவென்று வந்தன. அவை காய்கிறவரை சந்து மேலே காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு பழைய மாதிரி இல்லை, எல்லோருக்கும் அவசரம் இருந்தது.

இறக்குகிற அன்று வசுமதி லிவரை மயிரிழை மயிரிழையாகக் குறைத்தாள். எஞ்சின் விக்குகிற எல்லைக்குச் சற்று முன்னால், சந்து தூண்கள் மேல் உட்கார்ந்தது. ஒரு தூண் விரல் கனம் குட்டை. தெய்வாத்தா அக்கா வீட்டு மூலையில் தரை லேசாக இறங்கி நின்றது. வசுமதி பெட்ரோல் குழாயைத் திருகி மூடினாள். குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்துவிட்டு, எஞ்சின் ஒரு தரம் இருமியது. இறக்கை சுற்றுவது கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது, பிறகு மரமென்று தெரிந்தது, பிறகு நின்றது.

பிரேமலதாவின் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. சத்தம் இல்லாத உலகத்தை அது பார்த்ததே இல்லை. அதைச் சமாதானப்படுத்தப் போனவர்கள் பழக்கத்தில் கத்தினார்கள், கத்திய சத்தம் கேட்டுத் தாங்களே பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். பிரேமலதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெரியாத ஒரு தாலாட்டைத் தட்டுத் தடுமாறிப் பாடத் தொடங்கினாள்.

மறுபடி எடுத்துச் சாத்திய ஏணி வழியாக வசுமதி இறங்கினாள். தெய்வாத்தா அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய அரிசியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். வசுமதிக்குத் தரை பழக்கம் விட்டுப்போயிருந்தது. டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, நடந்து பார்த்து, நடக்க முடிகிறதென்று தெரிந்ததும் நடந்தாள்.

தென்னந்தோப்பில் செல்வின் விமானத்துக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவளுடைய செருப்பைப் பார்த்ததும் வெளியே வந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

"ஏறுறியா?" என்றான் கடைசியில்.

அவள் ஏறி இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்தாள். இடது கை தானாகவே எதையோ பிடிப்பதுபோல மடங்கிக்கொண்டது. அதை விரல் விரலாகப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். செல்வின் வாரை இழுத்துப் பூட்டிவிட்டு, எஞ்சினைக் கிளப்பக் கை நீட்டினான்.

"இரு," என்றாள். "இதை நிறுத்துற சுவிட்ச் எங்க இருக்கு?"

"நிறுத்துற சுவிட்சா? இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலயே வசு."

"அதை முதல்ல காட்டு."

அவன் காட்டினான். சிவப்பு நிறத்தில், கட்டைவிரல் அளவில் இருந்தது. அவள் அதைக் கீழே தட்டினாள். மேலே தட்டினாள். மறுபடியும் கீழே தட்டி, அது அங்கேயே நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேலே தட்டினாள்.

"சரி," என்றாள். "இப்ப கிளம்பலாம்."